விளக்கு ஏன் எரிந்தது? – இளம் மாணாக்கர் கையில் மின்னணுவியல் வந்த வரலாறு



2019ஆம் ஆண்டின் ஒரு மாலையில் என் முன்னாள் மாணவி ஒருத்தி என்னைக் காணப் பள்ளிக்கு வந்தாள். ஆறாம் ஆண்டு வரை எங்கள் தமிழ்ப்பள்ளியில் பயின்றவள். அப்போது இடைநிலைப்பள்ளியில் இரண்டாம் படிவத்தில் இருந்தாள். கையில் ஒரு காலணிப் பெட்டி. அதனுள், வடிவமைப்பும் தொழில்நுட்பமும் பாடத்திற்காக அவள் செய்த தானியங்கி விளக்கு. இருள் சூழ்ந்தால் தானே எரிய வேண்டும். வெளிச்சம் வந்தால் தானே அணைய வேண்டும்.

"ஐயா, வீட்டில் எரிந்தது. வகுப்பில் காட்டும்போது எரியவே இல்லை. கண்ணீரே வந்துவிட்டது," என்றாள்.

பெட்டியைத் திறந்து பார்த்தேன். ஓர் ஆர்டுயினோ பலகை, ஓர் ஒளியுணரி, ஒரு மின்தடையம், ஒரு சிறு எல்.இ.டி. விளக்கு. இணைப்புகள் அனைத்தும் சரியாகவே இருந்தன. நிரலில் 300 என்றோர் எண் இருந்தது. ஒளியின் அளவைப் பலகை சுழியம் முதல் 1023 வரையிலான எண்ணாகப் படிக்கும். அந்த எண் 300க்குக் கீழே இறங்கினால் விளக்கு எரியும். "இந்த முந்நூறு எங்கிருந்து வந்தது?" என்று கேட்டேன். "மாதிரி நிரலில் இருந்தது ஐயா, அப்படியே எழுதிக்கொண்டேன்," என்றாள்.

வீட்டில் இரவில் சோதித்திருக்கிறாள். வகுப்பிலோ பகல்வெளிச்சம், உணரியைக் கையால் மூடினாலும் விரலிடுக்கில் ஒளி கசிந்துகொண்டுதான் இருக்கும். நாங்கள் இருவரும் உணரியை மூடி அளந்து பார்த்தபோது எண் நானூற்றுக்குச் சற்று மேலே நின்றது. 300ஐ அழித்து 500 என்று எழுதினோம். விளக்கு எரிந்தது. அவள் முகமும் மலர்ந்தது. மறுநொடியே, "இவ்வளவுதானா ஐயா? இதை யாரும் எனக்குச் சொல்லவில்லையே!" என்றாள்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. அவளைக் குறை சொல்ல எனக்குத் தகுதி இல்லை என்பதே காரணம். 1996இல் நான் மூன்றாம் படிவத்தில் இருந்தபோது, 'கெமாஹிரான் ஹிடுப்' எனும் வாழ்வியல் திறன் பாடத்திற்காக மாறிமாறி மின்னும் இரட்டை விளக்கு ஒன்றைச் செய்தேன். இரண்டு டிரான்சிஸ்டர்கள், இரண்டு மின்தேக்கிகள், நான்கு மின்தடையங்கள், இரண்டு விளக்குகள். படத்தைப் பார்த்து ஈயம் உருக்கிப் பற்றவைத்தேன். விளக்குகள் மின்னின, நல்ல புள்ளிகளும் கிடைத்தன. அவை ஏன் மின்னின என்று அன்று எவரேனும் கேட்டிருந்தால் விழித்துக்கொண்டு நின்றிருப்பேன். நல்ல வேளையாக எவரும் கேட்கவில்லை.

அவளுக்கு விளக்கு எரியவில்லை, காரணம் தெரியவில்லை. எனக்கு விளக்கு எரிந்தது, காரணம் தெரியவில்லை. இடைப்பட்ட இருபத்து மூன்று ஆண்டுகளில் கருவிகள் எவ்வளவோ மாறிவிட்டன. இந்த ஒன்று மட்டும் மாறவில்லை. ஏன்? இக்கேள்வியோடு தேடத் தொடங்கியபோதுதான், பதினொன்று முதல் பதினான்கு வயதினருக்கு மின்னணுவியலைக் கற்பிப்பது எப்படி என்று உலகில் ஏற்கனவே பலர் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது தெரிய வந்தது. அந்த வரலாற்றைத்தான் இங்கே பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

வகுப்பறைக்குள் நுழைந்த டிரான்சிஸ்டர்

மின்னணுவியல் நெடுங்காலம் சிறுவர்க்குரிய கல்வியாக இருந்ததில்லை. வெற்றிடக் குழாய்கள், அதாவது வானொலிப் பெட்டியில் செம்மஞ்சளாய்க் கனன்ற 'வால்வு'கள், பெரும்பாலும் நூறு வோல்ட்டையும் தாண்டும் மின்னழுத்தத்தில் இயங்கியவை. பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் நாற்பது பேர் அமர்ந்திருக்கும் அறையில் அதனைத் திறந்து வைக்க எந்த ஆசிரியரும் துணியமாட்டார்.

1947 டிசம்பரில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் டிரான்சிஸ்டர் பிறந்தது. அதனை இயக்க ஒன்பது வோல்ட் மின்கலம் ஒன்றே போதும். விரல் பட்டாலும் ஆபத்தில்லை. 1958இல் ஜாக் கில்பி ஒருங்கிணைந்த சுற்றைச் செய்து காட்டினார். பின்னர் 1972இல் 555 எனும் நேரங்காட்டிச் சில்லு விற்பனைக்கு வந்தது. ஹான்ஸ் காமென்சின்ட் என்பவர் வடிவமைத்த இந்த எட்டுக்கால் சில்லு, ஒன்றிரண்டு மின்தடையங்களும் ஒரு மின்தேக்கியும் சேர்ந்தால் விளக்கை மின்னச் செய்யும், ஒலியையும் எழுப்பும். அதே காலத்தில் பரவிய 4000 வரிசைச் சில்லுகள் மூன்று வோல்ட் முதல் பதினைந்து வோல்ட் வரை எதிலும் இயங்கின. கடையில் வாங்கும் சாதாரண மின்கலமே போதுமென்றானது. ஆபத்து நீங்கியது, விலையும் இறங்கியது. மின்னணுவியல் சிறுவர் வகுப்பறைக்குள் வரக் கதவு திறந்தது இவ்வாறுதான்.

கதவு திறந்தால் போதுமா? உள்ளே வரவேற்று அமர்த்துவது யார்?

அறிவியல் ஆசிரியரா, கைவினை ஆசிரியரா?

இக்கேள்வியைத் திட்டமிட்டு எதிர்கொண்ட நாடுகளுள் இங்கிலாந்து முதன்மையானது. அங்கே 1964இல் பள்ளிகள் மன்றம் எனும் அமைப்பு, பாடத்திட்டங்களையும் தேர்வுகளையும் ஆராய நிறுவப்பட்டது. அதன் ஆதரவில் 1966இல் முன்னோட்டமாகத் தொடங்கி, லஃப்பரோ நகரின் கல்வியியல் கல்லூரியைத் தளமாகக் கொண்டு 1972 வரை நடந்தது 'புராஜெக்ட் டெக்னாலஜி' எனும் திட்டம். அதன் இயக்குநர் ஜெப்ரி ஹாரிசன். தொழில்நுட்பம் என்பது மரத்தை அறுத்து முக்காலி செய்வது மட்டுமன்று. சிக்கல் ஒன்றை இனங்கண்டு, தீர்வைத் திட்டமிட்டு, செய்து, சோதித்துத் திருத்துவதே தொழில்நுட்பம் என்பது அதன் அடிநாதம்.

எளிதாகத் தோன்றும் இக்கொள்கை பள்ளிக்குள் வந்ததும் ஒரு சுவரில் முட்டியது. மின்சுற்றின் தத்துவம் தெரிந்தவர் இயற்பியல் ஆசிரியர். அவரிடம் பட்டறை இல்லை. பட்டறை வைத்திருந்தவர் கைவினை ஆசிரியர். அவர் மரமும் உலோகமும் பயின்றவர், மின்னணுவியல் பயின்றவர் அல்லர். இருவரும் வெவ்வேறு கட்டடத்தில் இருந்தார்கள். வெவ்வேறு மேசையில் தேநீர் அருந்தினார்கள் என்று சொன்னாலும் தகும். பாடம் இருவருக்கும் நடுவே நின்றது. நம் நாட்டுப் பள்ளிகளை அறிந்தோர்க்கு இந்தக் காட்சி புதிதன்று.

ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியும் ஓர் அரசுத் திட்டமும்

1978 மார்ச்சு மாதம் பிபிசி தொலைக்காட்சி 'நவ் தி சிப்ஸ் ஆர் டவுன்' எனும் ஆவணப்படத்தை ஒளிபரப்பியது. நுண்செயலி எனும் சிறு சில்லு, வேலை வாய்ப்புகளையும் தொழிற்சாலைகளையும் தலைகீழாக மாற்றப் போகிறது. நாடு அதற்கு ஆயத்தமாக இல்லை என்பதே அதன் செய்தி. நாடெங்கும் பரபரப்பு எழுந்தது. பள்ளிகளுக்கென ஒரு திட்டத்தை அப்போதைய தொழிற்கட்சி அரசு வகுத்தது. 1979 தேர்தலில் ஆட்சி மாறியதால் அது சற்றே தடைப்பட்டு, 1980இல் நடப்புக்கு வந்தது. அதுவே நுண்மின்னணுவியல் கல்வித் திட்டம். இயக்குநர் ரிச்சர்ட் பாதர்கில். இங்கிலாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து ஆகிய பகுதிகளைப் பதினான்கு வட்டாரங்களாகப் பிரித்து, வட்டாரந்தோறும் ஆசிரியர் பயிற்சிக்கு ஏற்பாடு செய்தனர்.

இத்திட்டத்தில் என்னைக் கவர்ந்தது ஒன்றுண்டு. கணினியைப் பள்ளிக்குள் கொண்டு வருவதோடு அவர்கள் நின்றுவிடவில்லை. 'மின்னணுவியலும் கட்டுப்பாட்டுத் தொழில்நுட்பமும்' என்பதைத் தனித்துறையாகவே வைத்திருந்தார்கள். திரையில் எழுத்தைக் காட்டும் கணினி வேறு. கதவைத் திறக்கும், விசிறியைச் சுழற்றும், வெப்பத்தை அளந்து அடுப்பை அணைக்கும் கணினி வேறு. இரண்டாவதையும் பிள்ளைகள் அறிய வேண்டும் என்றனர்.

முடிவெடுத்தல், எண்ணுதல், நினைவிற்கொள்ளல்

இத்துறையிலிருந்து பிறந்ததுதான் 'மைக்ரோ எலெக்ட்ரானிக்ஸ் பார் ஆல்'. தமிழில் 'அனைவர்க்கும் நுண்மின்னணுவியல்' எனலாம். இடைநிலைப்பள்ளியின் தொடக்க வகுப்பு மாணாக்கர்க்கென உருவான இதன் பெயரிலேயே நோக்கம் அடங்கியுள்ளது. இயற்பியலில் சிறந்தோர்க்கு மட்டுமன்று. வகுப்பில் உள்ள அனைவர்க்கும்.

இதன் கற்பித்தல் முறையே என் நெடுநாள் கேள்விக்கு விடையளித்தது. அதற்குமுன் இருவகை வழிகள் இருந்தன. ஒன்று, அடியிலிருந்து மேலே ஏறுவது. மின்தடையம் என்றால் என்ன, மின்தேக்கி என்றால் என்ன, டிரான்சிஸ்டருக்குள் என்ன நிகழ்கிறது என்று படிப்படியாகப் போவது. இவ்வழியில் பயன்தரும் ஒன்றைச் செய்து முடிப்பதற்குள் பதின்மூன்று வயதுப் பிள்ளை ஆர்வம் இழந்துவிடும். மற்றொன்று, படத்தைப் பார்த்துப் பற்றவைப்பது. இதில் பொருள் கிடைக்கும், பொருள் விளங்காது. நான் 1996இல் சென்றது இவ்வழியே.

மூன்றாவதாக ஒரு வழியை அவர்கள் காட்டினார்கள். சிறு சிறு பலகைகள். ஒவ்வொரு பலகைக்கும் ஒரு பணி. முடிவெடுக்கும் பலகை ஒன்று. எண்ணும் பலகை ஒன்று. நினைவிற்கொள்ளும் பலகை ஒன்று. இவற்றோடு உணரிகளையும் விளக்கு, ஒலிப்பான் முதலியவற்றையும் மாணாக்கர் இணைப்பர். டிரான்சிஸ்டருக்குள் என்ன நிகழ்கிறது என்பதை அறியாமலேயே, "இருட்டாகவும் இருக்க வேண்டும், கதவும் திறந்திருக்க வேண்டும், அப்போதுதான் மணி ஒலிக்க வேண்டும்" என்று சிந்திக்கத் தொடங்கிவிடலாம். அதில் வரும் 'உம்' எனும் இடைச்சொல்லே மின்னணுவியலின் உம்மை வாயில். 'அல்லது' என்பது அல்லது வாயில். 'இல்லை' என்பது இன்மை வாயில். இலக்கணம் பயின்ற நமக்கு இது எவ்வளவு நெருக்கமானது, பாருங்கள்!

உள்ளீடு, செயல்முறை, வெளியீடு எனும் இம்முறையை அமைப்பு அணுகுமுறை என்பர். பிள்ளை முதலில் முழுமையைக் காண்கிறது. பிறகு எந்தப் பெட்டிக்குள் எட்டிப் பார்க்க விரும்புகிறதோ அதைத் திறந்து பார்க்கிறது. 1990இல் இங்கிலாந்தின் தேசியக் கலைத்திட்டத்தில் வடிவமைப்பும் தொழில்நுட்பமும் கட்டாயப் பாடமாக இடம்பெற்றபோது, அமைப்புகளும் கட்டுப்பாடும் அதன் ஒரு கூறாக விளங்கின.

கணினியின் பின்புறத்தில் ஒரு வாயில்

அதே காலத்தில், 1981 டிசம்பரில், ஏக்கோன் நிறுவனம் செய்த பிபிசி மைக்ரோ கணினி வெளிவந்தது. பள்ளி ஒவ்வொன்றும் ஒரு கணினியேனும் வாங்க இங்கிலாந்து அரசு பாதி விலையைக் கொடுத்து உதவியது. அக்கணினியின் சிறப்பு அதன் உடலிலேயே இருந்தது. எட்டுக் கம்பிகள் வழி வெளிக்கருவிகளை இயக்கவும், வெப்பம், ஒளி முதலிய மாறும் அளவுகளைப் படிக்கவும் அதில் தனித்தனி இணைப்பு வாயில்கள் இருந்தன. 1983இல் 'பக்கி' எனும் சிறு வண்டி அதனோடு இணைந்து ஓடியது. அமெரிக்காவில் சீமோர் பேப்பர்ட் முதலியோர் 1967இல் உருவாக்கிய லோகோ மொழியும், அம்மொழியின் கட்டளைப்படி நகரும் 'ஆமை'யும் இந்த எண்ணத்திற்கு முன்னோடி. பிள்ளை எழுதிய சொல் ஒன்று உலகில் ஒரு பொருளை அசைக்கும் எனும் வியப்பே அதன் உயிர்.

இவ்வளவும் இருந்தும், 1986 மார்ச்சு மாதத்தோடு நுண்மின்னணுவியல் கல்வித் திட்டம் முடிவுற்றது. அடுத்து வந்த அமைப்பு அதனினும் சிறியது. பலகைகள் பள்ளி அலமாரிகளில் தங்கின. பயிற்சி பெற்ற ஆசிரியர் மாற்றலாகிப் போனால் அப்பலகையின் பயனும் அவரோடு போய்விடும். கருவியை ஒருமுறை வாங்கிவிடலாம். ஆசிரியரை ஆண்டுதோறும் ஆயத்தப்படுத்த வேண்டும். இவ்வரலாறு முழுவதிலும் திரும்பத் திரும்ப வருவது இப்பாடமே.

2005இல் இத்தாலியின் இவ்ரேயா நகரில் ஆர்டுயினோ பிறந்தது. 2016இல் பிபிசி மீண்டும் ஒரு முயற்சியில் இறங்கி, மைக்ரோபிட் எனும் உள்ளங்கையளவுப் பலகையை நாட்டின் ஏழாம் வகுப்பு மாணாக்கர்க்கு, அதாவது பதினொன்று, பன்னிரண்டு வயதினர்க்கு, இலவசமாக வழங்கியது. இருபத்தைந்து சிறு விளக்குகள், இரண்டு பொத்தான்கள், அசைவை உணரும் கருவி, திசைகாட்டி ஆகிய அனைத்தும் ஒரே பலகையில். அதன் உள்ளே இருக்கும் செயலியின் குலம் ஏ.ஆர்.எம்.; அக்குலத்தின் முதற்சில்லை 1985இல் வடித்தது அதே ஏக்கோன் நிறுவனம்தான். முப்பது ஆண்டுகளுக்குமுன் பள்ளிக்குள் வந்த கணினியின் வழித்தோன்றல், இப்போது பிள்ளையின் சட்டைப்பைக்குள் புகுந்துவிட்டது.

நம் நாட்டில்

மலேசியாவில் 1965 முதல் கீழ்நிலை இடைநிலைக்கல்வி அனைவர்க்கும் திறந்துவிடப்பட்டபோது தொழிற்கலை, வேளாண் அறிவியல், மனையியல், வாணிகம் ஆகியவை தேர்வுப் பாடங்களாயின. பட்டறைக்குப் பெரும்பாலும் ஆண்பிள்ளைகளும் சமையலறைக்குப் பெண்பிள்ளைகளும் சென்ற காலம் அது. 1989இல் நடப்புக்கு வந்த இடைநிலைப்பள்ளிக்கான ஒருங்கிணைந்த கலைத்திட்டத்தின் கீழ் இவற்றின் இடத்தை வாழ்வியல் திறன் பாடம் பெற்றது. ஆண், பெண் வேறுபாடின்றி அனைவரும் பயிலும் பொதுப்பகுதி அதில் இருந்தது. 2017இல் முதலாம் படிவத்தில் வடிவமைப்பும் தொழில்நுட்பமும் அதன் இடத்திற்கு வந்தது. அடுத்த ஆண்டு இரண்டாம் படிவத்தில் நுண்கட்டுப்படுத்தியும் பாடமாயிற்று. என் மாணவியின் காலணிப் பெட்டிக்குள் இருந்தது அதுதான்.

நம் பிள்ளைகளுக்கு இதில் இன்னொரு படியும் உண்டு. தமிழ்ப்பள்ளியில் 'மின்சுற்று' என்று படித்த பிள்ளை, இடைநிலைப்பள்ளியில் அதையே 'லித்தார்' என்று மலாயில் கேட்கிறது. இணையத்தில் தேடினால் 'சர்க்கியூட்' என்று ஆங்கிலத்தில் காண்கிறது. 2003இல் அறிவியலையும் கணிதத்தையும் ஆங்கிலத்தில் கற்பிக்கும் கொள்கை தொடங்கியது. 2009இல் அதனைக் கைவிட முடிவு செய்யப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் படித்த பிள்ளைகளுக்குத் தமிழில் இருந்த சொல்லும் வாய்க்கவில்லை. புதிய சொல்லோடு புதிய கருத்தும் ஒரே நேரத்தில் வந்தால், பிள்ளை சொல்லை மனனம் செய்துவிட்டுக் கருத்தை விட்டுவிடுகிறது. கருத்து ஒரு மொழியில் முன்பே வேரூன்றியிருந்தால், மற்ற மொழிச் சொற்கள் அதன்மேல் எளிதாகப் படர்ந்துகொள்ளும். இது என் பட்டறிவு.

எங்கள் சனிக்கிழமை மணி

2021 டிசம்பரில் சிலாங்கூரில் பெருவெள்ளம் ஏற்பட்டதை யாரும் மறந்திருக்கமாட்டீர். அதற்கடுத்த ஆண்டு, சனிக்கிழமைகளில் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளையும், முதல் இரண்டு படிவங்களில் இருந்த முன்னாள் மாணாக்கர் சிலரையும் சேர்த்து ஒரு சிறு குழு அமைத்தேன். "எதைச் செய்யலாம்?" என்று கேட்டேன். ஒரு பையன், "வெள்ளம் வந்தால் எழுப்பிவிடும் மணி," என்றான். அவன் வீட்டில் நீர் புகுந்தபோது பாட்டி கீழறையில் உறங்கிக்கொண்டிருந்தாராம். அதற்குமேல் அவன் ஒன்றும் சொல்லவில்லை. வேறு எதைச் செய்வதென்று எவரும் கேட்கவும் இல்லை.

முதல் மணி மிக எளியது. கால்வாய்ச் சுவரில் இரண்டு ஆணிகள், ஒரு டிரான்சிஸ்டர், ஓர் ஒலிப்பான், ஒரு மின்கலம். நீர் இரண்டு ஆணிகளையும் தொட்டால் அதன் வழியே மிகச்சிறு மின்னோட்டம் பாயும். அச்சிறு ஓட்டம் டிரான்சிஸ்டரைத் திறந்துவிட, ஒலிப்பானுக்கு வேண்டிய பெரிய ஓட்டம் பாயும். மதகின் பலகையைச் சிறுவன் தூக்கிவிட, வாய்க்காலில் நீர் பெருகுவதைப் போல.

முதல் மழைக்கே மணி அலறியது. வெள்ளமில்லை, தெறித்த துளிகள்தாம். "ஐயா, இதற்குத் தூறலும் ஒன்றுதான், வெள்ளமும் ஒன்றுதான்," என்றான் அப்பையன். ஆகவே கீழே ஓரிணை, மேலே ஓரிணை என ஆணிகளை அமைத்தோம். கீழும் நனைய வேண்டும், மேலும் நனைய வேண்டும். அதற்கு உம்மை வாயில் தேவைப்பட்டது. முடிவெடுத்தல் வந்துவிட்டது.

அப்படியும் காற்றோடு அடிக்கும் மழையில் இரண்டும் ஒரு கணம் நனைந்தன. பத்து நொடி தொடர்ந்து நனைந்தால் மட்டுமே நம்பலாம் என்று ஒரு மாணவி சொன்னாள். எண்ணுதல் வந்துவிட்டது. பிறகு, அலை தாழ்ந்ததும் மணி நின்றுவிடுவதைக் கண்டார்கள். உறங்குபவர் எழுவதற்குள் மணி நின்றுவிட்டால் பயனென்ன? ஒருமுறை ஒலித்தால், யாரேனும் வந்து பொத்தானை அழுத்தும்வரை ஒலிக்க வேண்டும். இரண்டு வாயில்களை ஒன்றன் வெளியீடு மற்றதன் உள்ளீடாகும்படி குறுக்கே இணைத்தால் சுற்று தன் நிலையை மறக்காது. நினைவிற்கொள்ளல் வந்துவிட்டது.

நான் திட்டமிட்டுச் செய்ததில்லை இது. 1980களில் எங்கோ ஒரு நாட்டில் ஆசிரியர்கள் மூன்று பலகைகளாக வகுத்ததை, ஒரு கால்வாய் எங்களுக்கு மூன்று மழையில் வகுத்துக் கொடுத்தது. சில வாரங்களில் ஆணிகளுள் ஒன்று மட்டும் அரிந்து துருவேறிப் போனது. நேர்மின்னோட்டம் நீரில் பாய்ந்தால் நேர்முனை உலோகம் கரையும் என்பதை அன்றுதான் பிள்ளைகள் கண்ணாரக் கண்டனர். அதன்பின் ஆணியை விடுத்து, மிதவையில் காந்தத்தை ஒட்டி, காந்தம் நெருங்கினால் மூடிக்கொள்ளும் விசையைப் பொருத்தினோம். இறுதியில் இதே பணியை மைக்ரோபிட் பலகையிலும் செய்து பார்த்தார்கள். சில்லுகளைக் கொண்டு செய்ய ஆறு சனிக்கிழமைகள் ஆயின. நிரலாக எழுத ஒரே சனிக்கிழமை. ஆயினும், அந்த ஆறு இல்லாமல் இந்த ஒன்று விளங்கியிருக்காது என்று அவர்களே சொன்னார்கள்.

அக்குழுவில் நான் வைத்த தேர்வு மிகச் சிறியது. கருவியைத் தொடாமல் நான்கு கேள்விகளுக்கு விடை சொல்ல வேண்டும். இது எதை உணர்கிறது? எதைக் கொண்டு முடிவெடுக்கிறது? என்ன செய்கிறது? இயங்காவிட்டால் முதலில் எங்கே தேடுவாய்? முதலில் தமிழில்; பிறகு மலாயில். நான்காம் கேள்விதான் உண்மையான தேர்வு. காரணம் அறிந்தவரால் மட்டுமே பழுதைத் தேட முடியும்.

அன்று காலணிப் பெட்டியோடு வந்த மாணவி, ஐந்தாம் படிவத்தில் இருந்தபோது சில சனிக்கிழமைகளில் எனக்கு உதவ வந்தாள். ஒரு சிறுவன் நிரலில் எண்ணை மாற்றிக்கொண்டிருந்தான். அவள் அவன் அருகே அமர்ந்து, "மாற்று தம்பி, தாராளமாக மாற்று. ஆனால் ஏன் மாற்றினாய் என்று பக்கத்தில் எழுதி வை," என்றாள். நான் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இப்போது என் பழைய இரட்டை விளக்கைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இருபத்து மூன்று ஆண்டுக் கடன் அது. ஒரு டிரான்சிஸ்டர் திறந்திருக்கையில் அதன் விளக்கு எரிகிறது. அந்நேரத்தில் மற்றதைத் தடுத்து நிற்கும் மின்தேக்கியின் மின்னழுத்தம் மின்தடையத்தின் வழியே மெல்ல மாறுகிறது. அது ஏறத்தாழ 0.7 வோல்ட்டை எட்டியதும் இரண்டாம் டிரான்சிஸ்டர் திறக்க, முதலாவது மூடிக்கொள்கிறது. பிறகு அதே கதை மறுபக்கம். 47 கிலோ ஓம் மின்தடையமும் 10 மைக்ரோபாரட் மின்தேக்கியும் இருந்தால் ஒவ்வொரு விளக்கும் ஏறத்தாழ மூன்றில் ஒரு நொடி எரியும். இரு பிள்ளைகள் ஏற்றப்பலகையில் அமர்ந்து மாறிமாறி ஏறி இறங்குவது போன்றதே இது. 1996இல் இந்த ஐந்தாறு வரிகளை எவரேனும் எனக்குச் சொல்லியிருக்கலாம். நானும் கேட்டிருக்கலாம்.

அப்பையன் வீட்டுக் கால்வாயில் அந்த மணி பொருத்தப்பட்டது. இதுவரை வெள்ளத்திற்கென அது ஒருமுறையும் ஒலித்ததில்லை. ஒலிக்கும் தேவை வராதிருக்கட்டும். ஆயினும் மாதந்தோறும் அவன் மிதவையைக் கையால் தூக்கி, பத்து வரை எண்ணி, மணியைச் சோதித்துப் பார்க்கிறான். பாட்டிக்கும் பொத்தானை அழுத்தச் சொல்லிக் கொடுத்திருக்கிறானாம்.

ஆசிரிய நண்பர்களே, உங்கள் பள்ளி அலமாரியிலும் பிரிக்கப்படாத பலகைகள் சில இருக்கக்கூடும். அவற்றை எடுக்கும்முன், பிள்ளைகளிடம் அவர்கள் வீட்டில் என்ன தொல்லை என்று கேளுங்கள். பிறகு அலமாரியைத் திறவுங்கள்.